பாறசாலையில் பதினாறு கம்ப்யூட்டரும் ஓர் இடியும்

பாறசாலை பஸ் ஸ்டாப்பில் குடையோடு காத்து நின்றவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் இறங்கிய ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக, ரப்பர் ஷீட் கட்டைத் தோளில் சுமந்தபடி இறங்கிய ஒருவரிடம் போய், "சென்னையில இருந்து வாற சாறு நீங்களா?" என்று கேட்டார். சார் என்பது அங்கே சாறு. அவர் மலையாளத்தில் ஏதோ முனகிவிட்டு நடந்துவிட்டார். நான் காலடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியையும் தோளில் ஒரு பையையும் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"சென்னையிலேருந்து வந்திருக்கிறது நான்தான் சார்."

"பிள்ளையா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாறு பொறவே வருமாக்கும்?"

"பின்னால யாரும் வரலை. நான்தான் வேலை செய்யப் போறேன்."

"ஓ, கொள்ளாம்," என்றார். கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று பொருள் என்பது எனக்குத் தெரியும். அவர் சொன்ன விதத்தில் நன்றாயிருப்பது எதுவும் தென்படவில்லை.

எனக்கு ஏற்கெனவே எரிச்சல். களியக்காவிளையில் நம்மூர் பஸ் எல்லையைத் தொட்டதும் நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேரளத்து பஸ்ஸுக்கு மாறினேன். கண்டக்டர் பெட்டியைக் கூரையில் போடச் சொன்னார். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர் என்றேன். அப்படியானால் மடியில் வையுங்கள் என்றார். வைத்தேன். பாறசாலை வரை தொடை மரத்துப் போயிற்று. பக்கத்தில் இருந்த அம்மாள் என் பெட்டி மேல் தன் மீன் பையை வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் மதுரையில் இதைச் செய்தால் சண்டை. இங்கே அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

குடைக்காரர் பெயர் ஞானதாஸ் சார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அங்குள்ள பழைய மிஷன் சபை ஒன்று கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியது. அதன் கமிட்டிச் செயலாளர் அவர். தொண்ணூறுகள் முடியப் போகும் காலம். ஐப்பசி மாதம். சென்டருக்குப் பதினாறு புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றில் லினக்ஸ் ஏற்ற வேண்டும். அதுவும் ஒரே லினக்ஸ் இல்லை. டிப்ளமோ பாடப்புத்தகம் பழைய பதிப்பை வைத்து எழுதப்பட்டது, அதனால் முன்வரிசைகளுக்குப் பழையது. புதிதாகத் தொடங்கும் படிப்புக்குப் பின்வரிசையில் புதியது.

கையால் ஏற்றினால் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்து, அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் தட்டிக்கொண்டு, ஒரு வாரம் ஓடும். நான் மடியில் சுமந்து வந்த பெட்டி அதற்குத்தான். அது ஒரு சர்வர். இரண்டு பதிப்புகளும் அதற்குள் இருந்தன. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபிளாப்பியைச் சொருகி ஆன் செய்தால், அது கேபிள் வழியாக சர்வரைக் கூப்பிடும். கூப்பிடுவது யார் என்று சர்வர் பார்க்கும். இந்த மெஷினுக்குப் பழையது, அந்த மெஷினுக்குப் புதியது என்று அதுவே முடிவு செய்யும். டிஸ்கில் இருப்பதைத் துடைத்துவிட்டு, முழுவதையும் தானே ஏற்றிவிடும். கேள்விகளும் இல்லை, பதில்களும் இல்லை.

நான் முதலில் எழுதியதில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. துடைப்பதற்கு முன்னால் "அழிக்கலாமா?" என்று கேட்டு நிற்கும். யாராவது பதில் தட்டினால்தான் நகரும். சென்னையில் எங்கள் மேலாளர் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "விரல் படாம நடக்கும்னு சொல்லி வித்திருக்கேன். இது என்ன கேள்வி? எடு," என்றார். வாதாடிப் பார்த்தேன். "நீ இன்ஜினியரா, வக்கீலா?" என்று கேட்டார். அவர் கண் முன்னாலேயே எடுக்க வைத்தார். அந்தக் கோபத்தையும் பெட்டியோடு சேர்த்துத்தான் சுமந்து வந்தேன்.

லேப் சர்ச் வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ஓட்டுக் கூரை, பச்சை பெயின்ட், சுற்றிலும் தென்னையும் ரப்பரும். லேப் பொறுப்பாளர் ஷீபா. என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் "சாறு எங்க?" என்று கேட்காத முதல் ஆள் அவள். "வந்தியளா மேடம், சாயா குடிச்சியளா?" என்றுதான் கேட்டாள். அதற்காகவே அவளைப் பிடித்துப் போயிற்று.

மத்தியானம் வளாகத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் சாப்பாடு. சிவப்பு அரிசிச் சோறு, ஒவ்வொன்றும் வேப்பங்கொட்டைப் பருமன். மேசையில் ஜக் நிறைய இளஞ்சிவப்புத் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. யாரோ குங்குமக் கையைக் கழுவிய தண்ணீர் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பரிமாறியவர், "பதிமுகம் போட்டுத் திளப்பிச்ச வெள்ளமாக்கும். தைரியமா குடியுங்க," என்றார். ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீராம். குடித்தேன். மீன் குழம்பில் குடம்புளி நாக்கைப் பிடித்து இழுத்தது. மரச்சீனியை, அதாவது நம் மரவள்ளிக் கிழங்கை, அவித்து மசித்து அதோடு கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மரச்சீனிக்கு இந்த மரியாதை கிடையாது. கோபத்தோடு உட்கார்ந்தவள் இரண்டாவது தட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு வந்து பதினாறு ஃபிளாப்பிகளைச் சொருகினேன். வரிசையாக ஆன் செய்தேன். திரைகள் நீலமாகி, வேலை ஓடத் தொடங்கியது. மாணவர்கள் கதவருகில் கூடி நின்று பார்த்தார்கள். "இனி யாரும் தொடக்கூடாது. தானே முடியும்," என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பாதி ஓடியிருக்கும். தூரத்தில் எங்கோ வானம் உருண்டது. அவ்வளவுதான், பதினாறு திரைகளும் கறுத்துப் போயின. மூலையில் தனி யுபிஎஸ்ஸில் நின்ற என் சர்வர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"யாருங்க கரண்டை நிறுத்தினது?" என்று நான் போட்ட சத்தம் சர்ச் வரை கேட்டிருக்கும்.

கதவுக்குப் பக்கத்தில் ஷீபா வெள்ளைப் பீங்கான் ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாக நின்றாள். "இடி வெட்டிச்சுல்லா மேடம். மெயின ஊராம பின்ன?" ஊருவது என்றால் பிடுங்குவது என்று அவள் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"இடி எங்கயோ மலைக்கு அந்தப் பக்கம்!"

"இப்பம் அங்க. இன்னும் இத்திரி களிஞ்சா தலைக்கு மேல. இஞ்ச எல்லா வீட்டிலயும் ஊருவாங்க. சர்ச்சுக்க மைக் செட்டு போன வருசம் இடியில கரிஞ்சு போச்சு. அண்ணைக்கே ஞானதாஸ் சாறு சட்டம் போட்டாச்சு. இடி கேட்டா ஆரு பக்கத்தில நிக்காங்களோ அவங்க ஊரணும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே ஹோட்டலில் விளக்கு அணைந்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் ஓடிப்போய் டிவி ஆன்டெனா வயரைக் கழற்றிக் கொடியில் தொங்கவிட்டாள். அடுத்த வீட்டிலும் அதே. ஊரே ஒரே நிமிடத்தில் கரண்டை விட்டு விலகி நின்றது. பிறகு ஷீபா சொன்னபடியே தலைக்கு மேல் வந்து விழுந்தது பாருங்கள், எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மதுரையில் நாங்கள் இடி இடித்தால் மழை வரும் என்று மாடிக்கு ஓடுவோம்.

மழை ஓய்ந்ததும் ஃபியூஸைப் பொருத்தினாள். அந்தக் காலத்துப் பெட்டிகளின் சுவிட்ச் ஒருமுறை அமுக்கினால் அமுங்கியே இருக்கும். கரண்ட் வந்ததும் பதினாறும் தாமாகவே உயிர் பெற்றன. ஃபிளாப்பி உள்ளே இருந்ததால் மறுபடியும் சர்வரைக் கூப்பிட்டன, மறுபடியும் துடைத்தன, மறுபடியும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டு முடித்தன. யாரும் எதையும் தொடவில்லை. மேலாளருக்கு போன் செய்து சொன்னேன். குதித்தார். "பார்த்தியா? கரண்டைப் பிடுங்கினாலும் நிக்காது! கேள்வி வச்சிருந்தா மழை விட்டு ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டு இருந்திருப்பே," என்றார்.

மறுநாளிலிருந்து மாணவர்கள் உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்து டிப்ளமோ ப்ராஜெக்டைப் பார்ப்பார். இத்தனை நாளும் ஒரே ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு, புரோகிராமைத் தாளில் எழுதி எழுதிப் படித்தவர்கள் அவர்கள். இப்போதுதான் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். தாளில் இருந்ததைத் தட்டி, ஓட்டி, தப்பைத் திருத்தி, மறுபடி ஓட்டினார்கள். ஷீபா நாற்காலி நாற்காலியாகப் போய், "எலே, இஞ்ச பாரு, அடைப்புக்குறி விட்டுப் போச்சு," என்று திருத்தினாள். அவளுக்கும் இது பரீட்சைதான். இரண்டு வருடமாக அவள் தற்காலிக வேலையில் இருந்தாள். இந்த டிப்ளமோ ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்று கமிட்டி சொல்லியிருந்தது.

அந்த லேபில் இன்னொரு வழக்கம் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால், சாயாவுக்கு என்றாலும் சரி, முதலில் ஃபிளாப்பி டிரைவின் வாயை ஒரு ஃபிளாப்பி சொருகி அடைக்க வேண்டும். காரணம் எறும்பு. "இஞ்சத்த எறும்பு டிரைவுக்குள்ள கயறிக் கூடு வைக்கும் மேடம். பழைய மெஷினுக்க டிரைவு ரெண்டு அப்பிடித்தான் செத்துது," என்றாள் ஷீபா. அதற்கென்று ஒரு டப்பா நிறையக் கெட்டுப்போன ஃபிளாப்பிகள் வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். கேரளத்து ஈரத்தில் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம். இதைப் புது டிரைவில் சொருகினால் எறும்பே தேவையில்லை, இதுவே கொன்றுவிடும் என்று சத்தம் போட்டு டப்பாவைக் குப்பையில் போட வைத்தேன்.

அதனால் என் பதினாறு ஃபிளாப்பிகளும் அந்த வேலைக்கு வந்தன. வேறு நல்ல ஃபிளாப்பி அங்கே இல்லை. "இது உள்ளே இருக்கும்போது ஆன் செய்தால் எல்லாம் போய்விடும்," என்று ஷீபாவிடம் சொன்னேன். அவளுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் முதலில் வந்து பதினாறையும் அவளே வெளியே எடுப்பாள். எடுத்த பிறகுதான் மற்றவர்களை சுவிட்சைத் தொட விடுவாள். அப்படித்தான் நடந்தது. ஒரு பிசகும் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அங்கே இரண்டாவது சென்டர் திறக்கப் போகிறார்கள். கேபிள் எங்கே ஓட்டுவது என்று பார்த்துவர வேண்டும். அங்கேயும் வாசலில் ஒருவர், "சாறு வண்டியிலயா இருக்கு?" என்று கேட்டார். நான் ஏணியில் ஏறிச் சுவரை அளந்தேன். இறங்கும்போது அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே கடைக்கு அழைத்துப்போய் ரசவடையும் பால் விடாத கட்டஞ்சாயாவும் வாங்கிக் கொடுத்தார். வடையைச் சூடான ரசத்தில் ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். நம் ரசம்தான், நம் வடைதான். நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று மதுரைக்காரிக்கு அதிலும் ஒரு கோபம் வந்தது.

திரும்புகிற பஸ்ஸில் மழை பிடித்தது. அங்கத்து பஸ்களில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்தான். முதல் துளி விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே கும்மிருட்டு, ஈரச் சட்டை நாற்றம், எங்கிருந்தோ ரப்பர் ஷீட் நாற்றம். எந்த ஊர் வருகிறது என்று தெரிய வழியே இல்லை. பஸ் நின்றுவிட்டது. அமரவிளைப் பாலம் தாண்டியிருக்கிறோம் என்றார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டதாம். எனக்கு முன் சீட்டில், பாலராமபுரத்துத் துணிக்கட்டு ஒன்றை நனையாமல் மடியில் அணைத்துக்கொண்டிருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் மலையாளத்தில் சொன்னது இது: "வீட்டில் அவர் மெயினை ஊரினாரோ என்னவோ. தூங்கிக்கொண்டிருந்தால் ஃப்ரிட்ஜ் போச்சு." பக்கத்துப் பெண், "என் வீட்டில் நாய் குரைத்தே எழுப்பிவிடும்," என்றாள். நான் சிரித்தேன். பாறசாலையில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாமல் சிரித்தேன்.

வேறு பஸ் பிடித்து லேபுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. மாணவர்கள் எல்லாரும் வெளியே சுவரோரம் நின்றார்கள். உள்ளே பதினாறு திரைகளும் பளிச்சென்று, புத்தம் புதிதாக, உள்ளே நுழைய உன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தன. ஷீபா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாணவர்கள் தட்டியதெல்லாம் போயிற்று என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"சாயாவுக்கு எந்திச்சோம் மேடம்," என்றாள். "எல்லாரும் ஃபிளாப்பிய வச்சிற்றுத்தான் எந்திச்சாங்க. இடி வெட்டிச்சு. நான்தான் மெயின ஊரினேன். மழை நின்னதும் வெளிய நின்னே ஃபியூசக் குத்தினேன். சாயா குடிச்சிற்று உள்ள வந்து பாத்தா எல்லாம் நீலமா ஓடுது. என்னவெல்லாமோ அமுக்கினேன். ஒண்ணும் நிக்கேல்ல."

நிற்காது. நிற்கக் கூடாது என்றுதான் அதைச் செய்ய வைத்தார்கள். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. எறும்புக்குப் பயந்து ஃபிளாப்பி வைத்தார்கள், இடிக்குப் பயந்து ஃபியூஸைப் பிடுங்கினார்கள். இரண்டுமே அந்த ஊரில் சரியான காரியம். நடுவில் ஒரே ஒரு கேள்வி நின்றிருந்தால் பதினாறு மெஷினும் "அழிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு ராத்திரி வரை சும்மா நின்றிருக்கும். அந்தக் கேள்வியை எடுக்கச் சொன்ன மனிதர் சென்னையில் ஏசி அறையில் இருந்தார்.

எஸ்டிடி பூத்துக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். ஞானதாஸ் சார் எனக்கு முன்பே பேசிவிட்டிருந்தார். "அந்த ஊர் பொண்ணு ஃபிளாப்பியை உள்ள விட்டுட்டு கரண்ட் குடுத்திருக்கு. ஆபரேட்டர் மிஸ்டேக். செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் கமிட்டியில உன்னைக் கூப்பிட்டா ஆமான்னு தலையாட்டிட்டு வா," என்றார்.

"அது அவ மிஸ்டேக் இல்ல சார். கேள்வி இருந்திருந்தா..."

"திரும்பவும் கேள்வியா? வாயை மூடிக்கிட்டு இரு. அதுதான் உனக்கு நல்லது," என்று வைத்துவிட்டார். பூத்திலிருந்து வெளியே வந்து, ஏத்தன்பழ அப்பம் பொரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் எத்தனை வேண்டும் என்றுதான் கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. லேபிலேயே நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஞானதாஸ் சார் எழுந்து நின்று, பழைய பள்ளிக்கூடக் குரலில் பேசினார்.

"ஷீபா நல்ல பிள்ளையாக்கும். அதில எனக்குத் தர்க்கம் இல்ல. ஆனா சூட்சிப்பு இல்ல, கவனம் போதாது. பிள்ளையளுக்க பரீட்சை திங்களாழ்ச்ச. இப்பம் இந்தக் கிடப்பு. திருவனந்தபுரத்தில நல்ல அனுபவம் உள்ள ஒரு சாறு உண்டு. அவர வரச் சொல்லலாம்ணு எனக்க அபிப்பிராயம்."

ஷீபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அவளுடைய இரண்டு வருடம் ஒரே வாக்கியத்தில் முடிந்துகொண்டிருந்தது. அவளுடைய வேலையையும் ஒரு சாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் என் பொறுமை தீர்ந்தது.

"சார், நீங்களே ஒரு ஃபிளாப்பியை எடுத்து, எந்த மெஷின்ல வேணும்னாலும் சொருகுங்க," என்றேன்.

"நானா? எதுக்கு?"

"சொருகி ஆன் பண்ணுங்க. இப்ப இதுல அழியறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. எங்க மேலாளர் உங்ககிட்ட என்ன வித்தார்னு நீங்களே பாருங்க."

தயங்கினார். கமிட்டி அவரையே பார்த்தது. முன்வரிசையில் ஒரு மெஷினில் ஃபிளாப்பியைச் சொருகி சுவிட்சை அமுக்கினார். திரை நீலமாயிற்று. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதும் பையனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

அப்போது காட்டாக்கடைப் பக்கம் வானம் உருண்டது.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் திட்டம் போடவில்லை. ஐப்பசியில் அந்த நேரத்துக்கு அங்கே பெரும்பாலும் இடிக்கும், அவ்வளவுதான். ஞானதாஸ் சார் திரும்பினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் கதவோரம் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். லேப் இருண்டது. அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை அவர் கையில் இருந்தது. அதை அவர் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது. இடி விலகிப் போனதும் ஞானதாஸ் சார் தானே போய் ஃபியூஸைக் குத்தினார். விளக்கு வந்தது. ஃபிளாப்பி சொருகிய மெஷின் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தது. திரை நீலமாயிற்று. சர்வரைக் கூப்பிட்டது. துடைக்கத் தொடங்கியது.

"நானொண்ணும் தொடேல்லியே," என்றார்.

"இல்ல சார். நீங்க தொடலை."

கீபோர்டுக்குப் போய் ஒரு பொத்தானை அமுக்கினார். இன்னொன்றை அமுக்கினார். பிறகு கை நிறைய அமுக்கினார். கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. "இத நிறுத்தணும்ணா எங்க அமுக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கயும் இல்ல சார். அப்படி ஒரு இடம் வச்சிருந்தேன். எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவர் மறுபடியும் கதவோரம் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். அதை நிறுத்த அந்த லேபில் வேறு வழியே இல்லை.

இருட்டிலிருந்து ஷீபாவின் குரல் வந்தது. "நேத்து நானும் இதத்தான் சாறே செஞ்சேன். இடிக்கு ஊரினேன், மழை விட்டதும் குத்தினேன்."

ஞானதாஸ் சார் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. தலைமையாசிரியர்கள் கேட்பதில்லை. வாசலில் நின்ற காவல்காரரைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஆராதனை களிஞ்ச உடனே லேபு தொறக்கணும். பிள்ளையளுக்க சோறும் இஞ்சயே," என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அந்த லேபைத் திறந்தது அதுதான் முதல் தடவை என்று ஷீபா பிறகு சொன்னாள்.

அன்றைக்கே உட்கார்ந்து பதினாறு ஃபிளாப்பிகளிலும் என் கேள்வியைத் திரும்ப வைத்தேன். திரையில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாம் என்று ஷீபா சொன்னாள். வாசகமும் அவளுடையதுதான்: எல்லாம் போவும், செய்யட்டா? ஆமாம் என்று முழுச் சொல்லையும் தட்டினால்தான் நகரும். ஞாயிறு முழுக்க மாணவர்கள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தட்டினார்கள். சாயங்காலம் இடித்தது. எறும்புக்கு வைத்த ஃபிளாப்பிகள் உள்ளேயே இருக்க, ஃபியூஸைப் பிடுங்கினோம், மழை விட்டதும் குத்தினோம். பதினாறு திரைகளும் அந்தக் கேள்வியோடு சும்மா நின்றன. ஃபிளாப்பிகளை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தபோது எல்லாருடைய வேலையும் பத்திரமாக இருந்தது. ஒரு பையன் கை தட்டினான். ஷீபா அவனை முறைத்துவிட்டு, "இரி, மக்கா. தட்டு," என்றாள்.

திங்கட்கிழமை எக்ஸாமினர் வந்து போன பிறகு நான் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட ஞானதாஸ் சார் அதே குடையோடு வந்தார். வழியில் பூத்திலிருந்து மேலாளரைக் கூப்பிட்டேன். கேள்வியைத் திரும்ப வைத்துவிட்டேன் என்றதும் கத்தினார். யாரைக் கேட்டு வைத்தாய், விரல் படாமல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், உடனே போய் எடு, செக்ரட்டரியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். செக்ரட்டரி பக்கத்தில்தான் இருக்கிறார் என்று ரிசீவரை ஞானதாஸ் சாரிடம் கொடுத்தேன்.

அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பொறுமையாக, கடைசி வரை கேட்டார். அந்தப் பக்கம் சத்தம் எனக்கே கேட்டது.

"செரி. இப்பம் நான் செல்லுதேன், கேளுங்க," என்றார். "ஷீபா பிள்ள இஞ்சதான் நிக்கும். சென்னையில இருந்து வந்த பிள்ள வச்ச கேள்வியும் அங்கதான் நிக்கும். ஒண்ணு மட்டும் எனக்கு அறியணும். உங்க ஊருல இடி வெட்டுமா சாறே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ரிசீவரை வைத்துவிட்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.